ஒன்பது வயதுப் பூனையைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்வது பற்றி

கேள்வி (மேற்கு மாம்பலம், சென்னை)

வணக்கம். இன்னும் மூன்று மாதத்தில் சிங்கப்பூரில் வேலையில் சேர வேண்டும். எங்கள் மீனு ஒன்பது வயதான நாட்டுப் பூனை. மழையில் நனைந்து கிடந்த குட்டியாக எடுத்து வளர்த்தேன். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்கிறேன், ஆனால் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்தவில்லை. இந்த வயதில் அவளை அங்கே கொண்டு போவது நியாயமா, அல்லது அவளுக்குப் பழகிய வீட்டில் என் அம்மாவிடமே விட்டுச் செல்வதுதான் அவளுக்கு நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (தெம்பனிஸ், சிங்கப்பூர்)

சகோதரி, நாளையே மைக்ரோசிப் பொருத்திவிடுங்கள். இதுவரை போட்ட ஊசிகள் இங்கே கணக்கில் வராது. சிப் பொருத்திய பிறகு போட்ட ஊசிதான் அந்தப் பூனைக்குப் போட்டது என்று ஏற்கப்படும். என் பூனைக்கு மருத்துவமனையில் முதலில் ஊசியைப் போட்டு, பத்து நாள் கழித்துச் சிப் பொருத்தியதால், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஊசி போட்டுக் குறைந்தது 28 நாள் கழித்து இரத்தம் எடுத்து, வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருப்பதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநோய் இல்லை. இந்தியாவிலோ அது இன்னும் பரவலாக இருக்கிறது. நோய்க்கிருமி உடலில் புகுந்து பல மாதம் அறிகுறி காட்டாமல் இருக்கக்கூடும் என்பதால்தான் இத்தனை காத்திருப்பும், வந்து இறங்கிய பின் 30 நாள் தனிமைப்படுத்தலும். தனிமைப்படுத்தும் நிலையத்தில் இடத்தையும் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி உரிமத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும். எனக்கு மொத்தம் ஏழு மாதம் ஆனது. ஆகவே நீங்கள் முதலில் வாருங்கள், மீனு பிறகு வரட்டும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்து அவசரப்பட்டால் ஏதாவது ஒரு தாள் தவறிப்போகும்.

பதில் (கோயம்புத்தூர், கால்நடை மருத்துவர்)

வயதை மட்டும் வைத்து மறுக்க வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும், இரத்த அழுத்தமும், இதயமும் சரியாக இருந்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணத்தை ஒன்பது வயதுப் பூனை தாங்கும். மூக்கு தட்டையான பெர்ஷியன் பூனையாக இருந்திருந்தால் வெப்பத்தையும் மூச்சுத் திணறலையும் எண்ணி நான் தயங்கியிருப்பேன். நாட்டுப் பூனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பயணத்தின்போது அமைதியாக இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுத்துவிடாதீர்கள், அது இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் குறைக்கும். அதற்குப் பதில், பயணக் கூண்டை இன்றே கூடத்தில் திறந்து வைத்து அதற்குள்ளேயே உணவு கொடுங்கள். அவள் உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும்.

பதில் (ஈசூன், சிங்கப்பூர்)

வீடு பார்க்கும்போதே வீட்டு உரிமையாளரிடம் பூனையைப் பற்றிச் சொல்லி, சம்மதத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பல ஆண்டுகளாக வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு அனுமதி இல்லாதிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல்தான் ஒரு வீட்டில் இரண்டு வரை உரிமத்துடன் வளர்க்கலாம். சன்னல்களுக்கு வலை அடிக்காமல் அவளை ஒருநாளும் அவிழ்த்துவிடாதீர்கள்; தரைத்தளத்தில் வளர்ந்த பூனைக்குப் பத்தாவது மாடியின் உயரம் தெரியாது. சென்னையின் சித்திரை வெயில் இங்கே இல்லை, ஆனால் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் உண்டு. அதனால் தெள்ளுப்பூச்சி எந்த மாதமும் ஓய்வதில்லை. உலர் உணவை மூடி இறுகிய டப்பாவில் வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் பேசிவிட்டேன், நான் முன்னால் போகிறேன், தாள்கள் முடியும்வரை அவர் பார்த்துக்கொள்வார், பிறகு நானே வந்து அழைத்துப் போவேன். பள்ளிக்கரணையில் உள்ள கால்நடைத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று திங்கட்கிழமை நேரில் கேட்கப் போகிறேன். சிப் நாளை காலை பத்து மணிக்கு. கூண்டைக் கூடத்தில் வைத்து என் பழைய பருத்திப் புடவையை விரித்திருக்கிறேன். இன்னும் உள்ளே போகவில்லை, வாசலில் உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருக்கிறாள்.