பீன்ஸ் வேகவில்லை, கறி நாராகிவிட்டது. அவசரம், யாராவது சொல்லுங்கள்

சங்குமுத்து:
யாராவது இருக்கிறீர்களா? கார்னே என் சு ஹூகோ செய்துகொண்டிருக்கிறேன். காலையிலிருந்து அடுப்பில் கொதிக்கிறது, பீன்ஸ் இன்னும் கடித்தால் நறுக்கென்று இருக்கிறது. கறி மட்டும் நார் நாராகப் பிரிந்து போய்விட்டது. குழம்பு ருசி சரியாகத்தான் வந்திருக்கிறது. சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். இன்னும் எவ்வளவு நேரம் விடவேண்டும்? சோடா மாவு போடலாமா?

கடுகுதாளிப்பு:
அது என்ன ஐட்டம் என்று முதலில் சொல்லுங்கள் தம்பி. எந்த பீன்ஸ், ராஜ்மாவா? ஊறவைத்தீர்களா? குக்கரா, திறந்த பாத்திரமா? இதெல்லாம் தெரியாமல் எவ்வளவு நேரம் என்று எப்படிச் சொல்வது?

நாட்டுச்சரக்கு:
சந்தேகமே வேண்டாம், பழைய பீன்ஸ். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் வேகாது. ஊறவைத்த தண்ணீரில் மிதந்தவற்றை எடுத்துப் போட்டீர்களா? கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

வெங்கலப்பானை:
உப்பு எப்போது போட்டீர்கள்? ஆரம்பத்திலேயே போட்டிருந்தால் அதுதான் காரணம். என் மாமியார் உப்பைக் கடைசியில்தான் போடுவார், எங்கள் வீட்டில் எந்தப் பயறும் வேகாமல் போனதில்லை.

அடுப்படி_ஆசான்:
உப்பு பீன்ஸை இறுக்கும் என்பது பாட்டி காலத்துக் கதை. ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போட்டால் தோலில் இருக்கும் கால்சியத்தை சோடியம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், தோல் சீக்கிரம் இளகும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு என்று போட்டு ஊறவைத்துப் பாருங்கள். இந்தக் குழுவில் இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், பழைய இழைகளைப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

கேட்டவருக்கு: இது மெக்ஸிகோவின் குவாடலஹாரா ஊர்ப் பண்டம். பன்றிக்கொழுப்பு பேக்கனை வறுத்து எடுத்துவிட்டு, அந்த நெய்யில் மாட்டுக்கறியை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, கறி விடுகிற சாறிலேயே வேகவைப்பது. நீங்கள் காலையிலிருந்து கொதிக்கவைக்கிறீர்கள் என்றால் எங்கோ அடிப்படையே இடறியிருக்கிறது. செய்முறையை எழுதுங்கள். மந்திரம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

சங்குமுத்து:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். மஞ்சள் பீன்ஸ், இங்கே பெருவானோ என்கிறார்கள். ராத்திரி ஊறவைத்தேன். உப்பு கொஞ்சம்தான். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிட்டேன், தனித்தனியாகச் செய்ய நேரமில்லை.

கடுகுதாளிப்பு:
எல்லாம் என்றால்?

ஹூஸ்டன்காரன்:
அண்ணே, சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் சேர்த்துவிடுங்கள், வேகாத பீன்ஸெல்லாம் தெரியாது. நாங்கள் இங்கே சில்லி கான் கார்னே அப்படித்தான் ஒப்பேற்றுவோம். டின் பீன்ஸ் கொட்டினால் இன்னும் சுலபம்.

அடுப்படி_ஆசான்:
அது மெக்ஸிகோ சமையலே இல்லை ஐயா. டெக்ஸாஸ் சமையல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான் அந்தோனியோ மைதானங்களில் பெண்கள் கொப்பரையில் காய்ச்சி விற்ற குழம்பு. மெக்ஸிகோவில் போய்ச் சில்லி கான் கார்னே கேட்டால் உங்களை வெளியூர்க்காரர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஹூஸ்டன்காரன்:
விற்ற பெண்கள் மெக்ஸிகோ வம்சம்தானே? எல்லைக் கோட்டை அதற்கு முன்னால்தானே நகர்த்தினார்கள்?

ஊட்டிக்காரி:
சண்டை அப்புறம். முத்து, ஒரு கேள்வி. இங்கே இப்போது நடுராத்திரி தாண்டிவிட்டது, நீங்கள் சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள் என்கிறீர்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள்? அந்தப் பானைக்குள் புளிப்பாக ஏதாவது போட்டீர்களா?

சங்குமுத்து:
மெக்ஸிகோ சிட்டி. குவாடலஹாராவில் வேலை பார்த்தபோது சாப்பிட்டுப் பழகியது, இங்கே மாறி வந்தபிறகு ஆசைக்குச் செய்கிறேன். புளி எதுவும் இல்லை. தொமாத்தில்லோ ஒரு கிலோ, பூண்டு, செர்ரானோ மிளகாய், கொத்தமல்லி எல்லாம் அரைத்து ஊற்றினேன். ஊறிய பீன்ஸையும் கறியையும் அதிலேயே போட்டேன்.

ஊட்டிக்காரி:
அட, ஒரு கிலோ! அதுதான்.

தொமாத்தில்லோ என்பது நம்மூர்ச் சொடக்குத் தக்காளியின் பெரிய சொந்தக்காரன், தக்காளியை விடப் புளிப்பு. புளிப்பு இருந்தால் பீன்ஸின் செல்சுவரை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையவே கரையாது. சாம்பாருக்குப் பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றினால் என்ன ஆகும், அதேதான் இங்கேயும். பீன்ஸைத் தனியாக, வெறும் தண்ணீரில் வெங்காயமும் கொஞ்சம் பன்றிநெய்யும் போட்டு முழுக்க வேகவைத்து, கறி தயாரானபிறகு கடைசியில்தான் சேர்க்கவேண்டும். குவாடலஹாராக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது விஷயம், நீங்கள் இருக்கிற ஊர் கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர். எங்கள் ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அதற்கு மேல் போகாது. நான் கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் கொண்டைக்கடலையைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாடே இல்லாமல் போன நாளெல்லாம் உண்டு. குக்கர் இல்லாமல் மலையில் பயறைத் தொடக்கூடாது.

நாட்டுச்சரக்கு:
இருந்தாலும் பழைய பீன்ஸாகவும் இருக்கலாம். பெருவானோ மெல்லிய தோல், பொதுவாக சீக்கிரம் வேகக்கூடியது. சூப்பர் மார்க்கெட் பையில் வாங்கினீர்களா, சந்தையில் அளந்து வாங்கினீர்களா? சந்தையில் புது அறுவடையா என்று கேட்டால் சொல்வார்கள். மெக்ஸிகோவில் ஸகாடெகாஸ் பக்கம் மானாவாரி அறுவடை வருஷக் கடைசியில் வரும், சினலோவாவில் பாசன பீன்ஸ் அடுத்த வருஷ ஆரம்பத்தில். இப்போது கடையில் கிடப்பது எந்தப் பருவம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுப்படி_ஆசான்:
அம்மணி சொன்னதில் உயரம் சரி, ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. மெக்ஸிகோ சிட்டியில் கோடிப் பேர் தினமும் பீன்ஸ் சாப்பிடுகிறார்கள், அவர்கள் எல்லாரும் பட்டினியா? ஓயா எக்ஸ்பிரெஸ் என்று பிரஷர் குக்கர் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில்லாத காலத்தில் ஓயா என்கிற மண்பானையில் நாளெல்லாம் வைத்தார்கள், டெகெஸ்கிட்டே போட்டார்கள். அது டெஸ்கோகோ போன்ற ஏரிகள் வற்றும்போது கரையில் பூக்கும் உவர் உப்பு, ஸ்பானியர் வருமுன்பே இருக்கிற பழக்கம். இன்றும் சந்தையில் கட்டியாகக் கிடைக்கும். கரைத்து, மண் அடியில் தங்கியபிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றுவார்கள். நம் ஆப்பச்சோடா செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். சோடா போடலாமா என்று கேட்டவர் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வெங்கலப்பானை:
அப்போ சோடா போடலாமா கூடாதா? ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாதா உங்களுக்கு.

அடுப்படி_ஆசான்:
அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் சோப்பு ருசி. ஆனால் புளித்த குழம்பிலேயே போட்டால் நுரைத்துவிட்டு ஓய்ந்துபோகும், வடிகட்டிப் புதுத் தண்ணீரில் போட்டால்தான் பயன்.

சங்குமுத்து:
குக்கர் இருக்கிறது. எத்தனை விசில்?

கடுகுதாளிப்பு:
ஊறிய பயறென்றால் ஆறு, ஏழு விசில் விடுங்கள்.

சங்குமுத்து:
இது விசில் அடிக்காது. வீட்டுக்காரம்மா கொடுத்தது, புஸ்ஸென்று ஒரே சீராக ஊதிக்கொண்டே இருக்கிறது.

ஊட்டிக்காரி:
அந்த வகை குக்கரில் விசில் கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்கு. ஆவி சீராக வர ஆரம்பித்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சமவெளியில் ஊறிய பெருவானோவுக்கு 15 முதல் 20 நிமிஷம் போதும். உங்கள் உயரத்துக்குக் கால் பங்கு கூட்டுங்கள், அதாவது 20 முதல் 25. நீங்கள் புளிப்பில் வேறு கிடத்திவிட்டீர்கள், அதனால் 30 வைத்துத் திறந்து பாருங்கள். பானையிலிருந்து பீன்ஸை மட்டும் சல்லடையில் வடித்து, நன்றாக அலசி, மூழ்கிய பிறகு இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பயறு நுரைத்து வால்வை அடைத்துக்கொள்ளும்.

ஐடி_பையன்:
ப்ரோ, ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் வெந்துவிடும்.

நாட்டுச்சரக்கு:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெருவானோவுக்கு அவ்வளவு பயமில்லை, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது சிவப்பு ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டால் வயிறு கெட்டுவிடும். அதில் லெக்டின் என்றொரு நச்சு இருக்கிறது, பச்சையாக நாலைந்து விதை தின்றாலே வாந்தி. கொதிநிலைக்குப் போகாமல் மிதமாகச் சூடாகிக் கிடந்தால் பச்சையில் இருப்பதைவிட இன்னும் மோசம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி கொதிக்கவிடச் சொல்கிறது. மலைக்கு மேலே கொதிநிலையே குறைவு என்பதால் அங்கே குக்கர்தான் பத்திரம்.

ஹூஸ்டன்காரன்:
ஆசான் சார், இன்னொரு சந்தேகம். டெக்ஸாஸ்காரர்கள் சில்லியில் பீன்ஸே போடக்கூடாது என்று சத்தியம் செய்கிறார்கள். 1977இல் அதை மாநில உணவென்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். அங்கே டெர்லிங்குவா என்ற ஊரில் 1967இலிருந்து சில்லிப் போட்டி நடக்கிறது, அங்கே பீன்ஸ் போட்டால் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்போ பீன்ஸ் போட்ட சில்லி யாருடையது? மெக்ஸிகோவும் வேண்டாம் என்கிறது, டெக்ஸாஸும் வேண்டாம் என்கிறது.

அடுப்படி_ஆசான்:
உங்களுடையது.

வெங்கலப்பானை:
மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருக்கிற இழை என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள். எனக்குப் பீன்ஸ் மட்டும் போதும், பன்றிநெய் இல்லாமல் எண்ணெயில் செய்யலாமா?

கடுகுதாளிப்பு:
தாராளமாக அக்கா. ஃப்ரிஹோலெஸ் தே லா ஓயா என்று தனியாக வெந்த பீன்ஸ்தான் அங்கே அன்றாடச் சாப்பாடு. தண்ணீர், வெங்காயம், கடைசியில் உப்பு. பன்றிநெய் ருசிக்குத்தான். ஆனால் அந்த வெந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான்.

அடுப்படி_ஆசான்:
கடைசியில் உப்பு! நான் மேலே எழுதியதை யாருமே படிக்கவில்லை.

ஊட்டிக்காரி:
சரி, உப்பு மகாபாரதம் அப்புறம். முத்து, கறிக்கு வழி சொல்கிறேன். காலையிலிருந்து வெந்த கறியை மீட்க முடியாது. அதை எடுத்துத் தனியே வைத்து நாளைக்கு டாகோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடையில் பிஸ்தெக் என்று கேட்டால் மெல்லிசாக வெட்டித் தருவார்கள், அதைச் சுண்டுவிரல் அகலத்துக்கு நறுக்குங்கள். பேக்கனை மொறுமொறுவென்று வறுத்து எடுத்துவிட்டு அந்த நெய்யில் கறியைப் போட்டால் முதலில் சாறு விடும், சட்டியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பதறாதீர்கள், தன் சாற்றில் கறி, அதுதான் அந்தச் சாப்பாட்டின் பேரே. அப்புறம் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் பச்சைக் குழம்பை வடிகட்டி ஊற்றி அரை மணி. பரிமாறும்போது கிண்ணத்தில் பீன்ஸ், மேலே கறியும் சாறும், அதன்மேல் வறுத்த பேக்கன், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, முள்ளங்கி, எலுமிச்சை. வெங்காயத்தாளை முழுசாகச் சுட்டு வைத்தால் குவாடலஹாராக்காரர்கள் யாராவது வந்தால் உங்களைக் கும்பிடுவார்கள்.

ஐடி_பையன்:
மேகி சாஸும் ஊற்றுவார்களாமே, உண்மையா? நம்ம மேகியா?

ஊட்டிக்காரி:
உண்மைதான், ஹூகோ மாகி என்று குட்டிப் பாட்டில், மெக்ஸிகோக்காரர்கள் கறிக்கெல்லாம் ஊற்றுவார்கள். நூடுல்ஸ் மசாலா இல்லை, சோயா சாஸ் மாதிரி கறுப்பாக இருக்கும். உப்பு அதிகம், பார்த்து.

கடுகுதாளிப்பு:
முத்து தம்பி, என்ன ஆச்சு? மணி இரண்டாகிறது இங்கே, தூக்கம் வரவில்லை உங்களால்.

ஹூஸ்டன்காரன்:
போய்விட்டார். இனி அடுத்த பிரச்சினைக்குத்தான் வருவார்.

சங்குமுத்து:
வெந்துவிட்டது. எல்லாரும் இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள். ஊட்டி அக்காவுக்கு ரொம்ப நன்றி.

அடுப்படி_ஆசான்:
சோடா போட்டீர்களா இல்லையா? எத்தனை நிமிஷம் வைத்தீர்கள்? புதுக் கறி வாங்கினீர்களா? இதைச் சொல்லாமல் வெந்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போனால் நாளைக்குத் தேடி வருகிறவன் என்ன செய்வான்?

பச்சைமிளகா:
நான்தான் அந்தத் தேடி வந்தவன். கறுப்பு பீன்ஸ் வைத்திருக்கிறேன், எபசோட்டே கிடைக்கவில்லை. அது இல்லாவிட்டால் வேகாதா?

ஊட்டிக்காரி:
அதற்கும் வேகுவதற்கும் சம்பந்தமில்லை. வாசனைக்கும் வாயுவுக்கும் போடுகிற தழை, இறக்கப் போகும்போது ஒரு கொத்துப் போடுவார்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நீங்கள் எந்த ஊர்? குக்கரா, பாத்திரமா?