கலைப்புல ஆய்வாளரின் சைட்டேஷனை எப்படிக் கணக்கிட்டு எழுதுவது?

கேள்வி கேட்பவர் (புனைபெயர்): அடிக்குறிப்பு

வணக்கம். வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுப் பங்களிப்பைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். அதைப் படிக்கப்போகும் குழுவில் பெரும்பாலோர் அறிவியல் துறையினர். அவருடைய படைப்புகள் மொத்தம் 15: தனி நூல்கள் 2, பதிப்பித்த மூலநூல் 1, கட்டுரைகள் 12.

கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுபொறியில் சைட்டேஷன்கள் (பிறர் தம் எழுத்தில் சுட்டிய எண்ணிக்கை) இறங்கு வரிசையில் 140, 62, 31, 14, 9, 6, 6, 4, 2, 1. மீதி ஐந்துக்கு எதுவும் இல்லை. எச்-இண்டெக்ஸ் (குறைந்தது எச் சைட்டேஷன் வாங்கிய படைப்புகள் எச் இருந்தால் வரும் உச்ச எண்) 6 என்று காட்டுகிறது. சைட்டேஷன் தரவுத்தளங்களான ஸ்கோபஸில் அதே ஆளுக்கு எச்-இண்டெக்ஸ் 2, வெப் ஆஃப் சயன்ஸில் 1. எந்த எண்ணைக் கொடுப்பது? 140 சைட்டேஷன் வாங்கிய முதல் நூல் துறையையே திருப்பிப் போட்ட நூல். அது இந்த எண்களில் எங்கேயும் தெரியவில்லையே? நான்கே நான்கு வாங்கியிருப்பது பதிப்பு நூல். பல ஆண்டு உழைப்பு அது.

பதில்: ஏட்டுக்கட்டு

மூன்று எண்களும் அவரவர் கணக்கில் சரி. ஒவ்வொன்றும் எண்ணும் நூல்களும் இதழ்களும் வேறு.

வெப் ஆஃப் சயன்ஸின் அடிப்படை இதழ்கள்தான். கலைப்புல இதழ்களுக்கான அதன் அட்டவணை 1975-இலிருந்து உள்ளவற்றை எடுத்துக்கொள்கிறது. நூல்களுக்கான அட்டவணை 2011-இல்தான் வந்தது, அதற்குத் தனிச் சந்தா. நூலகம் அதை வாங்காவிட்டால் அதே ஆய்வாளருக்கு உங்கள் கணினியில் ஓர் எண்ணும் வேறு நிறுவனத்தில் வேறு எண்ணும் வரும். எந்தச் சந்தாவின் வழியே பார்த்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள்.

ஸ்கோபஸில் நூல்கள் உண்டு, ஆனால் தேர்ந்தெடுத்த பதிப்பகங்கள் மட்டுமே. அட்டவணையில் இல்லாத நூலை யாராவது சுட்டியிருந்தால் அது 'இரண்டாம் நிலை ஆவணங்கள்' என்ற தனிப் பகுதியில் போய் உட்காரும். ஆசிரியர் பக்கத்தின் எச்-இண்டெக்ஸில் அது சேராது. ஸ்கோபஸில் 2 வந்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும், அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

இப்போது உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். எச்-இண்டெக்ஸை ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தபோது அவர் இயற்பியலாளர். இதழ்க் கட்டுரைகளை மனத்தில் வைத்தே அமைத்தார். ஆறாவது படைப்புக்கு 6, ஏழாவதற்கும் 6. ஏழு வேண்டுமானால் ஏழாவதற்கு 7 இருக்க வேண்டும், இல்லை. ஆகவே 6. முதல் நூல் 140 வாங்கினாலும் 1,400 வாங்கினாலும் இந்த 6 அசையாது. ஆறே சைட்டேஷன் வாங்கிய கட்டுரையும் அந்த நூலும் கணக்கில் ஆளுக்கு ஓரிடம். பத்தாண்டுக்கு ஒரு நூல் எழுதுகிறவரை இந்த அளவுகோல் தண்டிக்கத்தான் செய்யும்.

எக்கே 2006-இல் சொன்ன ஜி-இண்டெக்ஸைப் போட்டுப் பாருங்கள். முதல் ஜி படைப்புகளின் மொத்த சைட்டேஷன், ஜி-யின் வர்க்கத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் மொத்தம் 275. 15-இன் வர்க்கம் 225. ஆக 15 வரை போகிறது, படைப்புகளே 15 என்பதால் அங்கே நிற்கிறது. ஒரே பட்டியலிலிருந்து 6, 15 என்று இரண்டு எண்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் ஒன்றிரண்டு நூல்களில்தான் எடை இருக்கிறது என்பது அறிவியல் துறையினருக்கு உடனே புரியும். ஐ10 என்பது கூகுள் ஸ்காலருக்கே உரியது: பத்தும் அதற்கு மேலும் வாங்கியவை, இங்கே 4. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

பதில்: சுவடிப்பெட்டி

கணக்குக்கு முன்னால் ஸ்காலர் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். இந்த 140 இப்போதைக்கு நம்பத் தகுந்த எண் அல்ல. கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

முதலில் நூலின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். முதற்பதிப்பு, மறுபதிப்பு, தாள் அட்டைப் பதிப்பு, மொழிபெயர்ப்பு என்று நான்கைந்து பதிவுகள் சிதறிக் கிடக்கும். துணைத்தலைப்பை விட்டுவிட்டுச் சுட்டியவர்களால் உண்டாகும் பதிவு இன்னொன்று. ஆய்வாளரே தன் பக்கத்தில் நுழைந்து, ஒரே நூலின் பதிவுகளைத் தேர்ந்து 'ஒன்றிணை' கொடுக்கலாம். இணைத்த பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் உடுக்குறி (*) தெரிந்தால், அதில் பிற பதிவுகளின் சைட்டேஷன் கலந்திருக்கலாம் என்று பொருள். மொழிபெயர்ப்பை மூலத்தோடு இணைக்காதீர்கள். தனியே வைத்தால்தான் எந்த மொழியில் எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்று காட்ட முடியும்.

அடுத்தது மதிப்புரைகள். நூலைப் பற்றி வேறொருவர் எழுதிய மதிப்புரை நூலின் பெயரையே தலைப்பாகக் கொண்டிருக்கும். ஸ்காலர் அதை ஆய்வாளரின் படைப்பாகவே சேர்த்துவிடும். கண்டால் நீக்குங்கள், ஆனால் எறிந்துவிடாமல் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள், பின்னால் பயன்படும். தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதியை நிறுத்தி, 'உறுதி கேட்ட பின் சேர்' என்று மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பெயர். முன்னெழுத்தோடு எழுதும் பெயர்களுக்கு இதுதான் பெருந்தலைவலி. அதே ஆள் ஓரிடத்தில் முன்னெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மற்றோரிடத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராக நீண்டு நிற்பார். ஸ்கோபஸில் இரண்டு மூன்று ஆசிரியர் எண்களாகப் பிரிந்திருப்பார். அங்கேயே திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்ட 2012-இலிருந்து இருக்கும் ஆர்கிட் எண்ணை எடுத்து, மாற்றுப் பெயர்கள் பகுதியில் எல்லா வடிவங்களையும் தமிழ் எழுத்தில் உள்ளது உட்பட இட்டுவையுங்கள்.

தன்னைத் தானே சுட்டியவற்றை ஸ்கோபஸில் கழித்துப் பார்க்க முடியும், ஸ்காலரில் அந்த வசதி இல்லை. ஹார்சிங்கின் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' மென்பொருளால் ஸ்காலர் முடிவுகளை அட்டவணையாக இறக்கலாம். ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுதான் உச்சவரம்பு, உங்களுக்கு அது தாராளம்.

வெப் ஆஃப் சயன்ஸில் சாதாரணத் தேடலோடு நின்றுவிடாதீர்கள். 'சைட்டட் ரெஃபரன்ஸ்' தேடலில் குடும்பப் பெயரும் முதல் எழுத்தும் உடுக்குறியும் கொடுத்தால், அட்டவணையில் இல்லாத நூல்களைச் சுட்டியவர்களும் வருவார்கள். தலைப்புச் சுருக்கம், ஆண்டு, பக்க எண் வேறுபட்டு ஒரே நூல் இருபது வரிகளாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகக் குறியிட்டுக் கூட்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் 1 என்று நின்ற ஆளின் உண்மையான வீச்சு இங்கேதான் வெளிவரும்.

பதில்: மூலபாடம்

அந்தப் பதிப்பு நூலுக்கு 4 வந்ததன் காரணத்தை யாரும் சொல்லவில்லை. மூலநூலைப் பயன்படுத்துகிறவர் மூல ஆசிரியரின் பெயரால்தான் சுட்டுவார். பதிப்பாசிரியர் பெயர் 'பதி.' என்று பின்னால் வரும், பல வேளை வரவே வராது. இயந்திரம் அந்தச் சைட்டேஷனை மூல ஆசிரியர் கணக்கில் எழுதிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதே கதிதான். மூலநூலின் பெயரோடு பதிப்பகத்தையோ பதிப்பாண்டையோ சேர்த்து ஸ்காலரிலும் நூல் தேடலிலும் தேடுங்கள். கிடைக்கும் ஆய்வுகளில் அடிக்குறிப்பைத் திறந்து, எந்தப் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தப் பதிப்பு தரும் பாடபேதத்தை (பிரதிக்குப் பிரதி மாறும் வாசகத்தை) சுட்டியிருந்தால் அது இந்தப் பதிப்பேதான்.

இன்னொன்று: நூற்பட்டியல் இல்லாமல் அடிக்குறிப்பில் மட்டும் சான்று தரும் நூல்கள் நம் துறையில் ஏராளம். 'மேலது', 'முற்சுட்டிய நூல்' என்று வருவதை இயந்திரம் கோட்டைவிடும். ஒரு நூல் முழுக்க இவருடைய வாதத்தோடு மல்லுக்கட்டினாலும் கணக்கில் ஒன்றுதான்.

ஆகவே சுட்டியவற்றில் ஒரு முப்பதையாவது திறந்து படியுங்கள். 'மேலும் காண்க' என்ற வரிசையில் பத்தோடு பதினொன்றாக வருகிறதா, சான்றுக்காக வருகிறதா, இவர் சொன்னதை ஏற்றோ மறுத்தோ பத்தி பத்தியாக வாதிடுகிறார்களா என்று மூன்றாகப் பிரியுங்கள். மறுப்பைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வேறு துறையினர் எத்தனை பேர் என்பதும் சேரட்டும். எனக்குக் கேட்டால் எச்-இண்டெக்ஸைத் தூக்கிவிட்டு இந்த அட்டவணையைத்தான் வைப்பேன்.

சைட்டேஷனுக்கு வெளியே உள்ளவை: வந்த மதிப்புரைகள், மொழிபெயர்ப்புகள், மறுபதிப்புகள், பாடத்திட்டங்களில் இடம், வேர்ல்டுகேட் என்ற உலக நூலகப் பட்டியல் வழியே எத்தனை நூலகங்களில் உள்ளது என்ற எண். கடைசி எண்ணில் எச்சரிக்கை தேவை. மின்னூல் தொகுப்பாக மொத்தமாக வாங்கும் நூலகங்களால் அது வீங்கும். அச்சுப் பிரதியைத் தனியே எண்ணுங்கள்.

அடிக்குறிப்பு

மிக்க நன்றி. குழு ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் சைட்டேஷன்) கேட்கிறது. சில இதழ்களுக்கு அப்படி ஒன்றே இல்லை. எச்-இண்டெக்ஸ் வேண்டாம் என்று எழுதினால் மறைக்கிறோம் என்று நினைக்க மாட்டார்களா?

பதில்: ஏட்டுக்கட்டு

நினைப்பார்கள். அதனால் மூலபாடத்தோடு நான் ஒத்துப்போகவில்லை. எண்ணைக் கொடுங்கள், மூலத்தையும் தேதியையும் கூடவே கொடுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் விஷயம் எளிது. வெப் ஆஃப் சயன்ஸின் கலைப்புல அட்டவணையில் மட்டும் உள்ள இதழ்களுக்கு 2023 வெளியீட்டில்தான் முதன்முறையாக அது தரப்பட்டது. அதற்கு முந்தைய கட்டுரைக்கு 'இல்லை' என்பதே சரியான விடை. ஸ்கோபஸ் இதழ்களுக்குத் தரும் சைட்ஸ்கோர் என்ற எண்ணை அந்தக் கட்டத்தில் நிரப்பாதீர்கள், அது நான்காண்டுக் கணக்கு, இம்பாக்ட் ஃபேக்டர் இரண்டாண்டுக் கணக்கு. கட்டுரை வெளிவரவே ஓரிரு ஆண்டு ஆகும் துறையில் இரண்டாண்டுச் சாளரம் எதைப் பிடிக்கும்? இதழின் எண்ணைத் தனியாளின் மதிப்பாக வைக்கக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் சொல்கிறது. பிரிட்டனின் 2021 ஆய்வு மதிப்பீட்டில் கலைப்புலக் குழுக்கள் சைட்டேஷன் தரவையே பயன்படுத்தவில்லை. இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள், அறிவியல் துறையினர் மதிப்பார்கள்.

குறிப்பின் தொடக்கத்தை இப்படி அமைக்கலாம், எண்களைச் சுத்தம் செய்த பின் மாற்றிக்கொள்ளுங்கள்:

"கூகுள் ஸ்காலரில் (பார்த்த நாள், இரட்டைப் பதிவுகள் இணைக்கப்பட்டவை) 15 படைப்புகளுக்கு 275 சைட்டேஷன், அதில் 140 முதல் நூலுக்கு. எச்-இண்டெக்ஸ் 6, ஜி-இண்டெக்ஸ் 15. ஸ்கோபஸில் எச்-இண்டெக்ஸ் 2. இவருடைய நூல்களுக்கான சைட்டேஷன் அந்த எண்ணில் சேரவில்லை. பதிப்பு நூல் பெரும்பாலும் மூல ஆசிரியர் பெயரால் சுட்டப்படுவதால் அதன் பயன்பாடு பின்னிணைப்பில் கையால் தொகுத்துத் தரப்பட்டுள்ளது. முதல் நூலைச் சுட்டிய 30 படைப்புகளைப் படித்துச் செய்த பகுப்பும் அங்கே உள்ளது."

ஸ்கோபஸ் பற்றிய அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு முன் இரண்டாம் நிலை ஆவணங்களில் நூல்கள் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.