சிஎன்சி ரவுட்டரை ஓட்ட பழைய டெஸ்க்டாப் போதுமா, இல்ல புது லேப்டாப் தான் வேணுமா?

உளி_கோவை:
வணக்கம்ங்க. மர வேலைக்குன்னு 600க்கு 400 மிமீ சைஸ்ல ஒரு சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தை செதுக்கற மெஷின்) கட்டிட்டு இருக்கேன், மெக்கானிக்கல் எல்லாம் முடிஞ்சுது. நெமா 23 மோட்டார் மூணு, 5 மிமீ பிட்ச் பால்ஸ்க்ரூ, டிரைவர்ல ஒரு சுத்துக்கு 1600 ஸ்டெப் வச்சிருக்கேன். பிரேக்அவுட் போர்டு (கம்ப்யூட்டரையும் டிரைவரையும் இணைக்கறது) சாதா 25 பின் பேரலல் போர்ட் டைப். இப்ப கம்ப்யூட்டர்ல வந்து நிக்குதுங்க. வீட்ல ஒரு பழைய கோர் 2 டுயோ டெஸ்க்டாப் சும்மா கெடக்குது, பின்னாடி பேரலல் போர்ட் இருக்கு, ராம் 2 ஜிபி. கடையில கேட்டா அதெல்லாம் ஆகாதுங்க, ஐ5 லேப்டாப் எடுத்து யூஎஸ்பி டு பேரலல் கேபிள் போட்டுக்கங்கன்னு சொல்றாங்க, 50 ஆயிரத்துக்கு மேல போகுது. டிசைன் ஃப்யூஷன் 360ல, அதுக்கு வேற சிஸ்டம் இருக்கு. தேக்குல பூ வேலைப்பாடு செதுக்கறது தான் முக்கியமான வேலை. எதை எடுக்கலாம்ங்க?

பல்லடம்_மேக்கர்:
அண்ணா, மொதல்ல அந்த யூஎஸ்பி டு பேரலல் கேபிளை மறந்துருங்க. அது பிரிண்டருக்குன்னே செஞ்சது, மெஷினை ஓட்டற சாஃப்ட்வேரான மாக் 3யோ லினக்ஸ்சிஎன்சியோ அதை பேரலல் போர்ட்டா எடுத்துக்காது.

ராம், ஐ5 எல்லாம் அப்பறம், பல்ஸை (மோட்டாரை ஒரு ஸ்டெப் நகர்த்தற மின் துடிப்பு) யாரு அடிக்கறாங்கன்னு பாருங்க. உங்க கணக்கையே போடுவோம். 1600 ஸ்டெப், 5 மிமீ பிட்ச், அப்ப 1 மிமீக்கு 320 பல்ஸ். நிமிஷத்துக்கு 3000 மிமீ ஓட்டுனீங்கன்னா செகண்டுக்கு 50 மிமீ, அதாவது 16,000 பல்ஸ், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 62.5 மைக்ரோசெகண்ட் தான். பேரலல் போர்ட்ல இதை ஒவ்வொண்ணா கம்ப்யூட்டரே அடிக்கணும், நடுவுல லேப்டாப் பேட்டரிய மிச்சம் பண்றேன்னு ப்ராசசரை கொஞ்சம் தூங்க வச்சாலும் பல்ஸ் லேட்டாயிரும், மோட்டார் உறுமிட்டு ஸ்டெப்பை விட்டுரும், அதுல இருந்து வெட்டறது பூரா தள்ளி தான் விழும், எங்க விட்டுச்சுன்னு சாஃப்ட்வேருக்கு தெரியவும் தெரியாது, சாதா ஸ்டெப்பர் மோட்டார்ல எவ்வளவு சுத்துச்சுன்னு சொல்ற என்கோடர் இல்லல்ல. அதனால இந்த வேலைக்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டாம், நேரம் தவறாத கம்ப்யூட்டர் தான் வேணும். நல்ல கோர் 2 டுயோ பல லேப்டாப்பை விட இதுல மேல்.

ராமை மட்டும் 4 ஜிபி ஆக்கிட்டு லினக்ஸ்சிஎன்சி போடுங்க, காசு கெடையாது. அதுலயே லேட்டன்சி டெஸ்ட் (சிஸ்டம் எவ்வளவு நேரம் தவறுதுன்னு பாக்கறது) இருக்கு. அதை ஓட விட்டுட்டு பெரிய ஃபைல் காப்பி பண்ணுங்க, விண்டோவை இழுத்து ஆட்டுங்க, சிஸ்டத்தை நல்லா படுத்துங்க. பேஸ் த்ரெட்ல (பல்ஸ் அடிக்கற பகுதி) மேக்ஸ் ஜிட்டர் (அதிகபட்ச நேரத் தவறு) 20,000 நானோசெகண்டுக்குள்ள நின்னா அருமை, 50,000 வரைக்கும் வேகத்தை கொறைச்சு ஓட்டலாம், லட்சத்தை தாண்டுச்சுன்னா அந்த சிஸ்டம் வேண்டாம். மாக் 3 தான் வேணும்னா 32-பிட் விண்டோஸ் போடணும், 64-பிட்ல அதோட பேரலல் போர்ட் டிரைவர் ஓடாது.

சேலம்_ரவுட்டர்:
பேரலல் போர்ட்டே எதுக்குங்க இந்த காலத்துல? ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதுல மெஷினை ஓட்டற ஜிஆர்பிஎல் ப்ரோகிராம், வேலை முடிஞ்சுது. பல்ஸ் அடிக்கறது அந்த 16 மெகாஹெர்ட்ஸ் சிப்போட வேலை ஆயிருது, செகண்டுக்கு 30,000 பல்ஸ் வரைக்கும் தரும், உங்களுக்கு 16,000 தானே. கம்ப்யூட்டர் வரி வரியா ஜி-கோடை (மெஷினுக்கான கட்டளை) அனுப்புனா போதும், ராஸ்பெர்ரி பையே போதும். டிரைவரை 3200க்கு மட்டும் மாத்தாதீங்க, அதே வேகத்துக்கு 32,000 ஆயிரும், தாங்காது.

ஒரே தொல்லை யூஎஸ்பி தான். ஸ்பிண்டிலோட (பிட்டை சுத்தற மோட்டார்) வேகத்தை மாத்தற விஎஃப்டிய ஆன் பண்ணா நாய்ஸ்ல கனெக்ஷன் பட்டுன்னு போயிரும். கேபிள் ஷீல்டு உள்ளதா, குட்டையா இருக்கணும், நாய்ஸை கொறைக்க ஃபெரைட் வளையம் மாட்டுங்க, விஎஃப்டிக்கு எர்த் ஒழுங்கா குடுங்க, கம்ப்யூட்டர்ல ஸ்லீப்பை ஆஃப் பண்ணிருங்க.

பல்லடம்_மேக்கர்:
பெயர் பலகை, பெட்டி மாதிரி வேலைக்கு நீங்க சொல்றது முழுக்க சரிங்க. ஆனா இவர் செதுக்கப்போறது பூ வேலை, அங்க தான் ஊனோ திணறும். 3டி ரிலீஃப்ல கோடு எல்லாம் துண்டு துண்டா வரும், ஒரு துண்டு 0.1 மிமீன்னு வைங்க, செகண்டுக்கு 50 மிமீ ஓட 500 வரி போய் சேரணும். ஜிஆர்பிஎல் சீரியல் 115200ல செகண்டுக்கு 11,520 எழுத்து தான் போகும், வரிக்கு 25 எழுத்துன்னா 460 வரிலயே முடிஞ்சுது. வரி வராம மெஷின் தயங்கி தயங்கி போகும், பிட் ஒரே எடத்துல தேய்ஞ்சு தேக்கு கருகிரும். ஜிஆர்பிஎல் தான் வேணும்னா ஊனோவ விட்டுட்டு இஎஸ்பி32 போர்டுல ஓடற ஃப்ளூயிட்என்சி பாருங்க, ஃபைலை எஸ்டி கார்டுல இருந்தே படிச்சுக்கும்.

உளி_கோவை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. டெஸ்க்டாப்லயே லினக்ஸ்சிஎன்சி போட்டு டெஸ்ட் ஓட்டுனேன், மொதல்ல 48,000 காட்டுச்சு, பயாஸ்ல பவர் சேவிங், சி-ஸ்டேட் (ப்ராசசரை தூங்க வைக்கறது) எல்லாம் ஆஃப் பண்ணதும் 14,000ல நிக்குது. லேப்டாப் வாங்கலைங்க. எங்க ஏரியால கரண்ட் அடிக்கடி போகும், கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் போட்டா போதுங்களா?

ஓய்வுபெற்ற_ஃபிட்டர்:
தம்பி, கம்ப்யூட்டருக்கு மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல. மோட்டார் நின்னுரும், கம்ப்யூட்டர் பாட்டுக்கு எண்ணிட்டே போகும், பொசிஷன் போச்சு. ஹோம் சுவிட்ச் (தொடக்க எடத்தை காட்டறது) மூணு அச்சுக்கும் போட்டுருங்க, கரண்ட் வந்ததும் ஹோம் பண்ணிட்டு விட்ட வரில இருந்து தொடங்கலாம். அதை விட முக்கியம் ஸ்பிண்டில். கரண்ட் திரும்ப வரும்போது அது தானா சுத்த ஆரம்பிக்க கூடாது, நீங்க அப்ப பிட் மாத்திட்டு இருந்தா கை போயிரும். ஸ்டார்ட் பட்டன் அமுக்குனா மட்டும் பிடிக்கற மாதிரி ஒரு கான்டாக்டர் (மெயின் கரண்டை சேத்து விடற மின்காந்த சுவிட்ச்) போடுங்க. எமர்ஜென்சி பட்டனும் அந்த கான்டாக்டரையே கட் பண்ணணும், சாஃப்ட்வேரை நம்பி விடாதீங்க. டெஸ்க்டாப்பை மெஷினுக்கு பக்கத்துல தரையில வைக்காதீங்க, மரத்தூள் ஃபேன்ல ஏறி ஹீட்சிங்கை அடைச்சுரும், செவுத்துல உயரமா ஸ்டாண்டு அடிச்சு வைங்க.

பல்லடம்_மேக்கர்:
லினக்ஸ்சிஎன்சிக்கு செட்டிங் போடற ஸ்டெப்கான்ஃப்ல மேக்ஸ் ஜிட்டர் கேக்கற எடத்துல அந்த 14,000ஐ அப்படியே போடாதீங்க அண்ணா, டெஸ்டை ஒரு ராத்திரி பூரா ஓட விட்டு காலைல என்ன காட்டுதோ அதை போடுங்க.