கேள்விமனுவில் (டெண்டரில்) அத்திவாரத்தை எப்படிக் கேட்பது?

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானுக்கு மேற்கே, வாவிக்கு மேற்கான படுவான்கரையில், எங்கள் சங்கம் 8 குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர எடுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 550 சதுர அடி, ஓட்டுக் கூரை. இரண்டு தடவை கேள்விமனு கோரியும் வந்த விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியவில்லை.

முதல் தடவை வரைபடத்தை மட்டும் கொடுத்தோம். மூன்று ஒப்பந்தகாரர்கள் விலை போட்டார்கள், அதில் ஒருவரின் தாளில் "வீடு ஒன்று – முழு வேலை" என்று ஒரே வரி, பக்கத்தில் தொகை, கீழே சீல், அவ்வளவுதான். சரி என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைப் பிடித்து அளவுப் பட்டியல் (ஒவ்வொரு வேலையையும் அதன் அளவையும் வரிவரியாகக் காட்டும் BOQ) தயாரித்து, சீடா (CIDA, நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை) பதிவுச் சான்றிதழும் கேட்டு, காணிகளையும் நேரில் காட்டி இரண்டாம் முறை கோரினோம். இப்போது சுவர், கூரை விலைகள் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. அத்திவாரம்தான் சிக்கல். நான்கு காணி மேட்டில், நான்கு வயலோரப் பள்ளத்தில். அங்கே போன மாரியில் வெள்ளம் முழங்காலுக்கு மேல் நின்றது. ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆழம் போட்டிருக்கிறார், இன்னொருவர் பள்ளத்துக்கு நிரப்பு மண்ணே சேர்க்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்தால் பாதை மூழ்கிவிடும், லொறி போகாது. அந்தப் பிள்ளைகள் இன்னொரு மாரியையும் தகரக் கொட்டிலில் கழிக்கக்கூடாது. மூன்றாம் முறை தவறவிட எங்களுக்கு நேரமில்லை.

இப்படிக் காணிக்குக் காணி நிலம் மாறும் இடத்தில், அத்திவாரத்தையும் நிரப்பு மண்ணையும் மட்டும் தனியே கனமீட்டர் விலையாகக் கேட்டு, வேலை முடிந்தபின் அளந்து கொடுப்பதா, அல்லது எட்டு வீட்டுக்கும் தனித்தனி ஆழம் குறித்து மொத்த விலையாகவே கேட்பதா?