தொகுப்பு வீட்டுக் கூரை தகடு தாங்காது என்றால், சூரிய மின்சாரத்தில் அந்தக் குடும்பங்களின் பங்கு என்ன?

செய்யாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் எங்கள் ஊராட்சி கட்டும் மின்கட்டணம், வடிகால், சாலை போன்ற வேலைகளுக்குப் பணம் மிஞ்சாத அளவுக்கு ஏறிவிட்டது. இந்நிலையில், வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதற்காக ஒன்றிய அரசு 2024இல் தொடங்கிய திட்டத்தை விளக்கி அண்மையில் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்றார்கள்.

கூட்டத்தில் பெயர் கொடுத்தவர்கள் அனைவரும் மெத்தை வீட்டுக்காரர்கள். காலனிப் பகுதியில் இருப்பவை அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீடுகள். பலவற்றில் தளத்துப் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது, மழை பெய்தால் ஒழுகுகிறது. ஏரிக்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தகரமும் சிமெண்ட் அட்டையும்தான் கூரை. மின்இணைப்பு காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீடுகளும் உண்டு. மானியம் அனைவருக்கும் பொது என்று சொல்லப்பட்டாலும், அதை வாங்கும் தகுதி ஊரில் பாதிப் பேருக்கு இல்லை என்பதே என் கவலை. ஊர் முழுவதும் பயனடையும் வகையில் இதைச் செய்ய வழி உண்டா? தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியாவது செய்திருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. அதை இன்னும் சற்று ஆழமாகவும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு தொலைக்காட்சியும் வைத்திருக்கும் குடும்பம் கட்டும் தொகை மிகச் சிறியது. அந்த வீட்டின் கூரை உறுதியாகவே இருந்தாலும், மானியம் போக மீதித் தொகைக்குக் கடன் வாங்கித் தகடு அமைத்தால், மிச்சமாகும் கட்டணத்தைவிட மாதத் தவணை அதிகமாக இருக்கும். ஆகவே கூரைத் திட்டம் அதிகம் செலவிடும் வீட்டுக்கே அதிகம் உதவும். இதை மறைக்காமல் கிராம சபையில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஏழைக் குடும்பங்கள் தேவையற்ற கடனில் இழுக்கப்படுவார்கள்.

ஏழைக்கும் வசதியானவருக்கும் ஒன்றுபோலப் பயன்படுவது ஊராட்சியின் மின்கட்டணம் குறைவதுதான். குடிநீரும் தெருவிளக்கும் எல்லாத் தெருவுக்கும் உரியவை. ஊராட்சியின் பெயரில் உள்ள இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதன்மையான யோசனை.

முன்மாதிரி கேட்டீர்கள். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், குடிநீர் மோட்டாரை இயக்க 9 கிலோவாட் மரக்கழிவு எரிவாயு இயந்திரம் அங்கு நிறுவப்பட்டது. பின்னர் 2006இல், ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம் ரூபாய் அளவில் இருந்தது. மற்றது வங்கிக் கடன். காற்றாலை அமைந்தது ஓடந்துறையில் அல்ல, காற்று வளம் மிகுந்த உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட்டாகவும் ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட்டாகவும் இருந்ததால், உபரியை மின்வாரியத்திற்கு விற்று வருமானம் ஈட்ட முடிந்தது.

அந்த இயந்திரத்தை அப்படியே நகலெடுக்க இயலாது. இன்றைய காற்றாலைகள் பல மெகாவாட் திறன் கொண்டவை. சிறிய ஊராட்சியின் கைக்கு எட்டாதவை. ஆனால் உடைமை ஊராட்சியிடம் இருந்ததும், வருமானம் பொதுக் கணக்கில் சேர்ந்ததும், கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கை ஒரு ஊராட்சி காட்டியதும் இன்றும் பின்பற்றத் தக்கவை.

மின்பொறியாளர், ஈரோடு

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தகடு வாங்கும் முன் செலவைக் குறையுங்கள். பழைய குழல்விளக்குகளையும் சோடியம் விளக்குகளையும் எல்இடி விளக்குகளாக மாற்றுவதும், ஆழத்திற்குப் பொருந்தாத பெரிய மோட்டார்களைச் சரியான திறனுக்கு மாற்றுவதும் எந்தச் சூரியத் திட்டத்தையும்விட விரைவாகப் பணத்தை மீட்டுத் தரும். அதன்பின் மீதித் தேவைக்கு மட்டும் தகடு போட்டால் போதும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். அதற்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பத்து கிலோவாட் என்றால் ஆயிரம் சதுர அடி. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், சமுதாயக் கூடம் ஆகியவற்றின் மாடிகளிலேயே இந்த இடம் கிடைத்துவிடும்.

மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றுவது மிக முக்கியம். பல ஊர்களில் விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு அப்போதே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு மாறாக, காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வைத்து, மறுநாள் அதிகாலையில் திறந்துவிட்டால், மோட்டாருக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த வேளையிலேயே தகட்டிலிருந்து கிடைத்துவிடும். பெண்களின் காலை வேலைக்கும் தண்ணீர் தவறாது. மோட்டார் இயக்குபவரை முதல் கூட்டத்திலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் நிற்பதும் விழுவதும் அவர் கையில் இருக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் கூட்டத்திலேயே தெளிவுபடுத்துங்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரணச் சூரிய அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் மின்கலம் வேண்டும். அதைத் துணைச் சுகாதார நிலையம் போன்ற இன்றியமையாத இடத்திற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மின்கலம்தான் முதலில் பழுதாகும்.

செய்யாற்றங்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. ஒரு புதிய செய்தி: ஊருக்கு வெளியே உள்ள மேய்க்கால் புறம்போக்கில் பெரிய சூரிய மின்நிலையம் அமைக்க ஒரு தனியார் நிறுவனம் ஆர்வம் காட்டுவதாகச் சொல்கிறார்கள். ஊருக்கு வருமானம் வரும் என்று சிலர் மகிழ்கிறார்கள். ஆடு மாடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்கள் அஞ்சுகின்றன. ஊருக்கென்றே தனி மின்கட்டமைப்பு ஒன்றை அமைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் இளைஞர்களிடம் இருக்கிறது.

நிலமும் நீரும்

அந்தக் குடும்பங்களின் அச்சத்தைத் தயவுசெய்து முதலில் கேளுங்கள். கர்நாடகத்தின் துமக்கூரு மாவட்டத்தில் பாவகடா சூரிய மின்பூங்கா ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் திறனில் அமைந்திருக்கிறது. நிலத்தைப் பறிக்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயர்வு. வறட்சியில் வாடிய நில உடைமையாளர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் அதே நிலங்களில் கூலி வேலை செய்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பணத்தில் பங்கு இல்லை. வேலையும் மேய்ச்சலும் போயின. நிலக்கரியை எரிக்காத மின்சாரம் என்பதாலேயே அது நீதியான மின்சாரம் ஆகிவிடாது. உங்கள் மேய்க்காலில் அமையும் எந்தத் திட்டத்திற்கும், அங்கு மேய்ப்பவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, மாற்று மேய்ச்சல் நிலம் உறுதியான பின்னரே இசைவு தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனிக் கட்டமைப்பைப் பற்றி: பீகாரின் தர்னாய் சிற்றூரில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2014இல் 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பை நிறுவியது. பல்லாண்டுகள் இருளில் இருந்த அந்த ஊருக்கு அது பெரும் வரவாக இருந்தது. ஆயினும் அதில் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளைப் பயன்படுத்த முடியவில்லை. ஊரார் 'உண்மையான மின்சாரம்' கேட்டு முதலமைச்சரிடம் முறையிட்டார்கள். அரசின் மின்கம்பி விலை குறைந்த மின்சாரத்துடன் வந்து சேர்ந்ததும் சூரியக் கட்டமைப்பைக் கைவிட்டார்கள், மின்கலங்களும் பழுதாகின. கம்பி ஏற்கெனவே வந்துவிட்ட உங்கள் ஊரில், அதிலிருந்து விலகிய தனி அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பியோடு இணைந்தே கூட்டாகச் செய்ததற்கு நல்ல சான்று குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி. அங்கே 2016இல் உழவர்கள் சூரிய பம்புசெட்டு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்திற்குப் போக மீதமுள்ள மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்திற்கு விற்றார்கள். மின்சாரத்திற்கு விலை கிடைத்ததால் நிலத்தடி நீரை வீணாக இறைக்காமல் இருக்கவும் காரணம் பிறந்தது. தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்தக் கணக்கு இங்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும், உழவர்களுக்கான சூரிய மின்திட்டமாக ஒன்றிய அரசு 2019இல் கொண்டுவந்த குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை உழவர்களோடு கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் அமைக்க இடமளிக்கிறது. தனியார் வந்தால்தான் ஆகும் என்பதில்லை.

ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்

மேய்க்கால் பற்றி நண்பர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த கிராம சபைக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

ஊராட்சியின் ஒவ்வொரு மின்இணைப்பு எண்ணுக்கும் கடந்த ஓராண்டுக் கட்டணத்தை எழுதித் தொகுத்து, படித்துக்காட்டும் வகையில் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டணம் போய்க்கொண்டிருப்பது பல ஊர்களில் அப்போதுதான் தெரியவரும். தகட்டு மின்சாரத்தைக் கட்டணத்தில் எப்படிக் கணக்கிடுவார்கள், அதாவது ஊராட்சியின் இணைப்புக்கு எந்த அளவீட்டு முறையில் அனுமதி கிடைக்கும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் பெறுங்கள். தீர்மானத்தில், மிச்சமாகும் தொகையின் முதல் உரிமை தொகுப்பு வீடுகளின் கூரைப் பழுதுபார்ப்புக்கு என்று வெளிப்படையாக எழுதுங்கள். பொதுக் கணக்கில் பேச்சில்லாமல் சேர்ந்த பணம் எப்போதும் பெரிய தெருவுக்கே போய்விடும். கூரைத் திட்டத்தில் சேரும் வீடுகளுக்காக ஊராட்சிக்கும் இணைப்பு ஒன்றுக்கு 1,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அதையும் இதே கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தகடுகளைத் துடைப்பதும் உற்பத்தியைக் குறித்து வைப்பதும் ஊதியத்துடன் கூடிய வேலையாக இருக்கட்டும். அதைக் காலனியில் உள்ள மகளிர் குழுவுக்குக் கொடுங்கள். காலமானவர் பெயரில் இருக்கும் மின்இணைப்புகளை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பம் எழுதித் தர உங்கள் இளைஞர்கள் உட்காரட்டும்; அதற்குத் தகடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.