ரோஸ் பேர்ட் 1986-ல் பதவி இழந்தது எப்படி? கலிஃபோர்னியா வாக்கெடுப்பு முறை பற்றி ஒரு சந்தேகம்

வெண்ணிலவன் கேட்டது:

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்து வருகிறேன். மூன்று இடங்களில் இடிக்கிறது. எதிர் வேட்பாளரே இல்லாத தேர்தலில் ஒருவர் எப்படித் தோற்க முடியும்? பதவிக்காலம் 12 ஆண்டு என்கிறார்கள். 1977-ல் வந்தவர் ஏன் 1978-லும் 1986-லும் மக்கள் முன் நிற்க வேண்டியிருந்தது? கடைசியாக, "64 மரண தண்டனைக் கைதிகளையும் விடுவித்தார்" என்று பல இடங்களில் பார்க்கிறேன். அதை அப்படியே எழுதலாமா?

பழைய கோப்பு:

மூன்றாவதை அப்படியே எழுதாதீர்கள், அது தவறு. அதை வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் கீழ்நிலை விசாரணை நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பதவிக்காலம் 6 ஆண்டு. அவர்களை எதிர்த்து இன்னொரு வழக்கறிஞர் போட்டியிடலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் 1934-ல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் வேறு வழி வகுத்தது. ஆளுநர் ஒருவரை நியமிப்பார். மாநிலத் தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் மூத்த தலைமை அமர்வு நீதிபதி ஆகிய மூவர் குழு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். ரோஸ் பேர்டுக்கு அது 2-க்கு 1 என்றுதான் கிடைத்தது. அதன் பிறகு, அடுத்த ஆளுநர் தேர்தல் நடக்கும் அன்றே, இவர் பதவியில் நீடிக்கலாமா என்று வாக்குச்சீட்டில் கேட்பார்கள். ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். 'இல்லை' அதிகமானால் நாற்காலி காலி, ஆளுநர் புதிதாக நியமிப்பார். நீதிபதி போட்டியிடுவது தன் பெயரோடு மட்டும்தான்.

12 ஆண்டு என்பது நாற்காலிக்கு உரிய காலம், ஆளுக்கு உரியது அல்ல. குழப்பம் வருவது இங்கேதான். பேர்டுக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்தவர் டொனால்ட் ரைட். அவர் 1974-ல் 12 ஆண்டுக்குத் தேர்வானார். அந்தக் காலம் 1987 ஜனவரியில்தான் முடியும். அவர் இடையிலேயே ஓய்வு பெற, 1977 மார்ச்சில் பேர்ட் அந்த இடத்துக்கு வந்தார். 1978 நவம்பரில் மக்கள் அவருக்குத் தந்தது ரைட்டின் காலத்தில் மிச்சமிருந்த 8 ஆண்டுகளை மட்டுமே. அதுவும் 51.7 சதவீத 'ஆம்' வாக்கோடு. 1986-ல் அவர் கேட்டதுதான் முழு 12 ஆண்டு.

இன்னொன்று: காலம் முடியப்போகும் நீதிபதி, ஆகஸ்ட் 16-க்கு முந்தைய 30 நாட்களுக்குள் தொடர விரும்புவதாக மனு தர வேண்டும். தராவிட்டால் ஆளுநர் வேறொருவரை முன்மொழிவார். தோல்வி வரும் என்று தெரிந்தால் ஒதுங்கிக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருந்தது. பேர்ட் ஒதுங்கவில்லை.

சட்டப்புள்ளி:

64 பற்றி. தன் காலத்தில் மேல்முறையீட்டுக்கு வந்த 64 மரண தண்டனை வழக்குகளிலும் அந்தத் தண்டனையை ரத்து செய்யவே பேர்ட் வாக்களித்தார். இது உண்மை. அவற்றில் 61 வழக்குகளில் குறைந்தது வேறு மூன்று நீதிபதிகள் அவருடன் நின்றார்கள் என்பதும் உண்மை. ஏழு பேர் நீதிமன்றத்தில் நான்கு வாக்கு இருந்தால்தான் தீர்ப்பு. தலைமை நீதிபதிக்கும் ஒரு வாக்குதான். ஆகவே "பேர்ட் ரத்து செய்தார்" என்பதைவிட "நீதிமன்றம் ரத்து செய்தது" என்பதே சரி.

அடுத்து 'விடுவித்தார்' என்ற சொல். கலிஃபோர்னியாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டால், கைதி கேட்டாலும் கேட்காவிட்டாலும், மேல்முறையீடு தானாகவே நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். நடுவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தொடாது. விசாரணையும் இரண்டு கட்டம்: முதலில் ஜூரி (பொதுமக்களில் இருந்து எடுக்கும் நடுவர் குழு) குற்றத்தையும், கொள்ளையின்போது கொலை போன்ற 'சிறப்புச் சூழல்' இருந்ததா என்பதையும் முடிவு செய்யும், பிறகுதான் தண்டனை. எந்தக் கட்டத்தில் பிழை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். தண்டனைக் கட்டத்தில் மட்டும் பிழை என்றால் குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். புதிய ஜூரி தண்டனையை மறுபடி முடிவு செய்யும், அல்லது அரசுத் தரப்பு பரோல் இல்லாத ஆயுள் தண்டனையோடு நிறுத்திக்கொள்ளும். சிறப்புச் சூழல் விழுந்தால், அதை மறுவிசாரணையில் நிரூபிக்கலாம்; இல்லையென்றாலும் முதல் நிலைக் கொலைக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை உண்டு. குற்றத் தீர்ப்பே விழுந்தால் மறுவிசாரணை. ரத்து என்றதும் சிறைக் கதவு திறந்தது என்று எழுதுபவர்கள் இந்தப் படிகளை எல்லாம் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இவ்வளவு ரத்து ஏன் என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைப் படித்தாலே பாதி புரியும். 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஏழாவது முன்மொழிவு என்ற புதிய மரண தண்டனைச் சட்டம் வந்தது (பேர்ட் 51.7 சதவீதம் வாங்கிய அதே வாக்குச்சீட்டில்). அவசரமாக எழுதப்பட்ட சட்டம், வாசகங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. 1983-ல் கார்லோஸ் வழக்கில், வேறொரு குற்றத்தின்போது நடந்த கொலைக்கு மரண தண்டனை கேட்டால் கொல்லும் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் விசாரணை முடிந்த வழக்குகளில் ஜூரிக்கு அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரே பிழை, பல வழக்குகள். வரிசையாக விழுந்தன.

இரண்டாவது ராமோஸ் வழக்கு. பரோல் இல்லாத ஆயுள் தண்டனையை ஆளுநர் பிற்பாடு குறைக்கலாம் என்று ஜூரியிடம் சொல்லும்படி அதே சட்டம் கட்டாயப்படுத்தியது. கூட்டாட்சி அரசியலமைப்புக்கு இது முரண் அல்ல என்று 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு திரும்பி வந்ததும் 1984-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் தன் மாநில அரசியலமைப்பின்படி அது செல்லாது என்றது. மரண தண்டனையையும் ஆளுநர் குறைக்கலாமே; ஒரு பாதியை மட்டும் சொன்னால் ஜூரி தவறான பக்கம் சாயும் என்பது காரணம். மாநில நீதிபதியின் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம் இதுதான். மேலே உள்ள நீதிமன்றம் மறுத்த பாதுகாப்பை மாநில அரசியலமைப்பில் இருந்து எடுத்துத் தரலாம். பேர்டின் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதற்கு இரண்டு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

வெண்ணிலவன்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் அதே தீர்ப்புகளில் சேர்ந்து வாக்களித்த சக நீதிபதி ஸ்டான்லி மோஸ்க் மட்டும் 1986-ல் எப்படித் தப்பினார்? பதவிக்கு வருமுன் பேர்ட் என்ன செய்தார் என்பதும் சுருக்கமாக வேண்டும்.

நெய்தல்:

1986-ல் ஆறு நீதிபதிகளின் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தது. எதிர்ப்பிரசாரம் பேர்ட், க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் க்ரோடின் மூவரையே குறி வைத்தது. ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியனே வெளிப்படையாக எதிர்த்தார். பேர்டுக்கு எதிராக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தது, மூவரும் போனார்கள். மோஸ்க் முன்பு மாநில அட்டர்னி ஜெனரலாகத் தேர்தலில் வென்றவர், மக்களுக்கு நெடுநாள் பழக்கமான பெயர். 1987-ல் மால்கம் லூகாஸ் தலைமையிலான புதிய நீதிமன்றம் ஆண்டர்சன் வழக்கில், நேரடியாகக் கொன்றவருக்கு அந்த 'நோக்கம்' விதி பொருந்தாது என்று கார்லோஸ் தீர்ப்பைக் கைவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் மோஸ்க்தான்.

பேர்டின் முந்தைய வாழ்க்கை: 1936-ல் அரிசோனாவில் டூசான் அருகே பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்தார். 1965-ல் பெர்க்லியில் சட்டப் பட்டம். நெவாடா உச்ச நீதிமன்றத்தில் உதவியாளர் வேலைக்குப் பின், 1966 முதல் 1974 வரை சான்டா கிளாரா கவுண்டியில் வசதியற்ற குற்றவழக்குக் கைதிகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகத்தில் இருந்தார். 1975-ல் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை விவசாய, சேவைத் துறைக்குச் செயலாளராக்கினார். பண்ணைத் தொழிலாளர் உறவுச் சட்டம் அந்த ஆண்டு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ய வைத்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்துக்குத் தடை வந்ததும் அதே ஆண்டு. பெரும் பண்ணை முதலாளிகளின் பகை தொடங்கியது இங்கேதான்; மரண தண்டனைப் பேச்சு பிறகு வந்தது. 1977-ல் அவருக்கு வயது 40. அதற்கு முன் ஒரு நாளும் நீதிபதியாக இருந்ததில்லை. சட்டம் கேட்பது 10 ஆண்டு வழக்கறிஞர் பதிவு மட்டுமே. ஆனால் எதிரிகளுக்கு அது நல்ல பிடியாகக் கிடைத்தது.

டேனர் வழக்கை விட்டுவிடாதீர்கள். 1978 தேர்தல் நாளன்று, துப்பாக்கிக் குற்றத்துக்குக் கட்டாயச் சிறை பற்றிய அந்தத் தீர்ப்பைத் தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் தள்ளிப்போட்டதாக லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. விசாரணை வேண்டும் என்று கேட்டவர் பேர்டேதான். 1979-ல் நீதிபதிகள் ஒழுங்கு ஆணையம் பல வாரம் விசாரித்தது, பொது விசாரணை கூடாது என்று மோஸ்க் வழக்குப் போட்டு நிறுத்தினார், கடைசியில் யார் மீதும் குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை. ஆனால் வாக்காளர் மனதில் நின்றது குற்றமின்மை அல்ல, விசாரணை.

பழைய கோப்பு:

நெய்தல் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: சொத்து வரியைக் கட்டுப்படுத்திய பதின்மூன்றாவது முன்மொழிவு செல்லும் என்று 1978-ல் நீதிமன்றம் சொன்னபோது தனித்து மாறுபட்டவர் பேர்ட். ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு. 1975 மதிப்பில் வரி கட்டுபவருக்கும் நேற்று வாங்கியவருக்கும் தொகை வேறுபடுவது சமத்துவம் அல்ல என்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ல் 8-க்கு 1 என்று அந்த வரியை ஏற்றது. வீடு வைத்திருந்த வாக்காளர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

கட்டுரையில் தேதி வைக்கும்போது கவனம்: பேர்டின் காலத்தில் கலிஃபோர்னியாவில் மரண தண்டனை ஒன்றுகூட நிறைவேறவில்லை. 1967-க்குப் பின் முதலாவது 1992 ஏப்ரலில், ராபர்ட் ஆல்டன் ஹாரிஸ். அதாவது பேர்ட் போன பிறகும் ஐந்து ஆண்டு ஆனது. அவர் இறந்தது 1999 டிசம்பர் 4, மார்பகப் புற்றுநோயால், 63 வயதில். அந்த நோய் முதலில் வந்தது 1976-ல், பதவி ஏற்பதற்கும் முன்பு.