பைசனைக் காட்டெருமை என்று எழுதலாமா?

நாணல்: மகனுக்கு வாங்கிய மொழிபெயர்ப்பு நூல் ஒன்றில், அமெரிக்கச் சமவெளியில் பழங்குடி மக்கள் 'காட்டெருமை' வேட்டையாடினார்கள் என்று வருகிறது. பக்கத்திலேயே படம்: கழுத்து வரை சேற்றில் அமிழ்ந்து அசைபோடும் எருமை! அந்த மண்ணில் எருமை இயற்கையாக இருந்ததே இல்லை. அவர்கள் வேட்டையாடியது பைசன் என்ற காட்டு மாட்டினம். பைசனுக்குக் 'காட்டெருமை' என்ற சொல்லை விட்டொழித்தால் என்ன?

கொம்பன்: படம் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சொல் தப்பில்லை. அமெரிக்கர்களே அதைப் பஃபலோ, அதாவது எருமை என்றுதான் சொல்லி வருகிறார்கள். 1913 முதல் 1938 வரை அவர்கள் அடித்த ஐந்து சென்ட் நாணயத்தில் நிற்பது பைசன். நாணயத்தின் பெயரோ பஃபலோ நிக்கல். வழக்கில் ஊன்றிவிட்ட பெயரை நாம் ஏன் பிடுங்க வேண்டும்? நீர்யானை யானையா? கடல்குதிரை குதிரையா?

நாணல்: நீர்யானை என்றதும் யாரும் தும்பிக்கையைத் தேடுவதில்லை நண்பரே. காட்டெருமைக்கு அப்படியில்லை, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். அசாமின் காசிரங்காக் காட்டில் திரிகிறதே, வீட்டெருமையின் காட்டு உறவு, அதுதான் நிஜமான காட்டெருமை. அதன் பெயரைப் பிடுங்கிப் பைசனுக்குக் கொடுத்தால், நாளைக்கு அதை என்னவென்று அழைப்பது?

புல்வெளி: சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. படத்தைப் பார்த்து நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே கறுப்பாக, கோபமாக இருக்கின்றன.

நாணல்: தோளைப் பாருங்கள். பைசனுக்கு முன்னங்கால்களுக்கு மேலே மலைபோல் ஒரு திமில் எழும்பியிருக்கும். உள்ளே முதுகெலும்பிலிருந்து நீண்டு நிற்கும் முட்களும், அவற்றைப் பற்றிய தசையும்தான் அது. பனிக்காலத்தில் அந்தக் கனத்த தலையை இடமும் வலமும் வீசிப் பனியைத் தள்ளி, அடியில் கிடக்கும் புல்லை மேயும். ஒரு காணொளியில் பார்த்தேன், முதுகில் விழுந்த பனி உருகாமல் வெள்ளைப் போர்வையாக அப்படியே கிடந்தது. உடம்புச் சூட்டை ரோமம் வெளியே விடுவதில்லை. தாடி வேறு. எருமைக்குத் திமிலும் கிடையாது, தாடியும் கிடையாது. கொம்பிலும் வித்தியாசம்: பைசனுக்குக் குட்டையாக மேல்நோக்கி வளைந்திருக்கும், ஆசிய எருமைக்குப் பிறைபோல் பின்னால் சாயும், ஆப்பிரிக்க எருமைக்கடாவுக்கு இரண்டும் நெற்றியில் ஒட்டி, வகிடெடுத்த கேசம்போல் ஒரே கவசமாகிவிடும். சேற்றில் புரள்கிறதா என்று பார்த்தாலும் போதும்.

கொம்பன்: கடைசி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பைசனும் தரையில் குழி பறித்துப் புழுதியில் புரளும், மழைக்குப் பின் அதே குழியில் சேறுதான்.

நாணல்: அது சரி. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சுள்ளி: எனக்குக் காட்டெருமை என்றால் காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட கவுர்தான் கண்முன் வரும். ஆங்கிலத்தில் அதை இந்தியன் பைசன் என்பார்கள். அது பைசனும் இல்லை, எருமையும் இல்லை, காட்டுமாடு. ஆக, மூன்று விலங்குக்கு ஒரே பெயர். கொம்பன் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

கொம்பன்: அடைமொழி போட்டு 'அமெரிக்கக் காட்டெருமை' என்றால் தீர்ந்தது. அறிவியல் பெயரை நம்பியும் பயனில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் பைசனைப் பசுவோடு ஒரே பேரினத்தில் வைத்தார். பிறகு தனியாகப் பிரித்தார்கள். இப்போது மரபணுவைக் காட்டி மறுபடியும் பசுவோடு சேர்க்கச் சொல்கிறார்கள் பலர். அவர்களே வீடு மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

நாணல்: எத்தனை வீடு மாறினாலும் பசுத் தெருவைத் தாண்டவில்லையே! பைசனுக்கும் பசுவுக்கும் குரோமோசோம் 60. வீட்டெருமையின் இரண்டு வகைகளில் ஆற்றெருமைக்கு 50, சதுப்பு எருமைக்கு 48. பைசனும் பசுவும் கூடிக் கன்று ஈன்றிருக்கின்றன, எருமையோடு அது நடப்பதில்லை. மாட்டின் பங்காளியை எருமை என்று எழுதிவிட்டு, முன்னால் அடைமொழியை ஒட்டினால் போதுமா?

புல்வெளி: அப்படியென்றால் தமிழில் என்னதான் எழுதுவது?

நாணல்: பைசன் என்றே எழுதலாம். கங்காருவை அப்படித்தானே எழுதுகிறோம்?

கொம்பன்: பதிப்பகத்துக்கு எழுதுவதானால் படத்தை மாற்றச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சொல்லில் கைவைத்தால் மறுப்புக் கடிதம் என்னிடமிருந்துதான் போகும்.